நோயாளியின் படம்

கடலூர் ஜில்லாவில் தீப்புண் அபூர்வமான சங்கதி அல்ல. 2020 செப்டம்பர் 4ந் தேதி காட்டுமன்னார்கோயிலை அடுத்த குருங்குடியில் பட்டாசுக் கொட்டகை வெடித்து ஒன்பது பெண்கள் மாண்டதை ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே வருஷம் மே மாதத்தில் ஒரு முறையும் ஜூலை மாதத்தில் ஒரு முறையும் நெய்வேலி அனல் மின்சார நிலையத்தில் கொதிகலன் விபத்து நேர்ந்து தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். இவை பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தவை. அடுப்படியில் புடவைத் தலைப்பில் பற்றிய நெருப்பும், தவழும் குழந்தையின் மேல் சாய்ந்த கொதிகஞ்சியும் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. உயிர் பிழைத்தவர்களுக்குப் புண் ஆறிய பிறகுதான் வேறொரு துன்பம் ஆரம்பமாகிறது. கழுத்துத் தோல் சுருங்கி மோவாய் மார்போடு ஒட்டிக்கொள்ளும். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். கீழிமை இழுபட்டுக் கண் மூடாது. இவர்கள் மறுபடியும் தலை நிமிரவும், தம் கையால் சோறு பிசைந்து உண்ணவும் செய்விப்பது பிளாஸ்டிக் சஸ்திர சிகிச்சை. (உடம்பிலே பிளாஸ்டிக் துண்டை வைத்துத் தைப்பதுதான் இச்சிகிச்சை என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. அப்படியல்ல. உருப்படுத்துதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.)

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து இச்சிகிச்சையைத் தேடிப் புறப்படுகிறவர்கள் சிதம்பரத்து சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பெரிய காரியமானால் புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னையில் கீழ்ப்பாக்கத்திற்கோ ஸ்டான்லிக்கோ போகிறார்கள். எங்கே போனாலும் ஒன்று நிச்சயம். டாக்டர்கள் கத்தியை எடுக்குமுன் காமிராவை எடுக்கிறார்கள். நோயாளியை வெளிச்சத்தில் நிறுத்தி, மறைத்திருந்த துணியை விலக்கச் சொல்லி, வடுவையும் ஊனத்தையும் படம் பிடித்துக் கொள்கிறார்கள். அந்தப் படம் பிறகு எங்கே போகிறது? யார் யார் பார்க்கிறார்கள்? எத்தனை காலம் இருக்கிறது? யாருடைய பெட்டியில் இருக்கிறது? நோயாளி இவற்றைக் கேட்பதில்லை. கேட்கும் துணிவோடு ஆஸ்பத்திரி வாசற்படி ஏறுகிறவர்கள் நம் நாட்டில் மிகச் சிலரே. ஆகவே அவர்கள் சார்பில் நாம் கேட்க விரும்புகிறோம்.

படமே எடுக்கக்கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிடில் வைத்தியர்கள் நம்மேல் வீணாகக் கோபம் கொள்வார்கள். பிற சிகிச்சைகளில் இரத்தப் பரிசோதனை எப்படியோ, பிளாஸ்டிக் சஸ்திர சிகிச்சையில் படம் அப்படி. சுருங்கிய கழுத்து எத்தனை அங்குலம் நிமிர்ந்தது என்பதைச் சொற்களால் எழுதி வைக்க இயலாது. பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் ஒரு தையல், பிறகு அண்ணத்தில் ஒன்று, பள்ளிக்கூட வயதில் ஈறில் ஒன்று, வாலிபத்தில் மூக்கில் ஒன்று என்று பதினைந்து இருபது வருஷம் சிகிச்சை நீளும். இடையில் டாக்டர்கள் மாறுவார்கள், ஓய்வு பெறுவார்கள். முதல் நாள் அந்த முகம் எப்படியிருந்தது என்பதற்குப் படத்தைத் தவிர சாட்சி கிடையாது. ஆலை விபத்தில் ஊனமுற்ற தொழிலாளி நஷ்டஈடு கேட்கும்போதும் அதுவே சாட்சி. காப்புத் திட்டங்களில் சில சிகிச்சைகளுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேட்பதும் உண்டு. 1995ல் சுப்ரீம் கோர்ட்டு வைத்தியத்தையும் நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்த பின், வழக்கென்று வந்தால் டாக்டருக்கும் அதுவே துணை.

ஆனால் எடுப்பதானால் ஒழுங்காக எடுக்க வேண்டும். இதிலும் ஒரு முறை இருக்கிறது. முகமானால் நேரே ஒன்று, வலப்பக்கம் இடப்பக்கம் ஒவ்வொன்று, முக்கால் பக்கம் திரும்பி இரண்டு. மூக்கானால் அண்ணாந்த நிலையில் கீழிருந்து ஒன்று. கையானால் விரித்து ஒன்று, மூடி ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. பின்னால் ஒரே நிறத் திரை, ஒரே தூரம், ஒரே வெளிச்சம். நகையும் பொட்டும் பூவும் இருந்தால் கழற்றி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். செல்போனை ஒரு முழத் தூரத்தில் பிடித்து எடுத்த முகத்தில் மூக்கு உள்ளதைவிடப் பெரிதாக விழும். சிகிச்சைக்குப் பின் நாலு முழம் தள்ளி நின்று எடுத்தால், கத்தி படாமலே மூக்குச் சிறுத்துவிடும்! மேலிருந்து விழும் வெளிச்சம் வடுவைப் பள்ளமாகக் காட்டும். நேரே விழும் வெளிச்சம் அதே வடுவை அழித்துவிடும். அழகு சிகிச்சை விளம்பரங்களில் ‘முன்’, ‘பின்’ என்று போடும் ஜோடிப் படங்களைப் பார்க்கும் வாசகர்கள் இந்தச் சூட்சுமத்தை மனத்தில் கொள்வது நலம். பெண் நோயாளியைப் படம் எடுக்கும்போது ஒரு பெண் ஊழியர் அறையில் இருக்க வேண்டும், தேவையான பாகத்துக்கு மேல் ஓர் அங்குலமும் துணி விலகக்கூடாது என்பவை சொல்லாமலே விளங்க வேண்டியவை. ஆயினும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இந்தக் கலைக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியும்; அதில் ஒரு படத்துக்கு உள்ள பங்கு சிலருக்கே தெரியும். ஆங்கிலேயருக்கும் திப்பு சுல்தானுக்கும் 1792ல் முடிந்த யுத்தத்தில், ஆங்கிலப் படைக்கு வண்டிமாடு ஓட்டிய காவாஸ்ஜி என்ற மராட்டியர் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்டார். சுமார் ஒரு வருஷம் கழித்து, பூனாவுக்குச் சமீபத்தில் செங்கல் சூளைக் குலத்தைச் சேர்ந்த ஒருவர், அவருடைய நெற்றித் தோலைக் கீறி இறக்கி, புதிய மூக்கொன்று சமைத்துக் கொடுத்தார். பம்பாயிலிருந்த ஆங்கில வைத்தியர்கள் கூட நின்று பார்த்தார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் காவாஸ்ஜியின் முகத்தை வரைந்தார். 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜெண்டில்மேன்ஸ் மாகஸின்’ பத்திரிகையில் அந்த வரலாறும் படமும் வெளியாயின. அதைக் கண்டு வியந்த ஜோஸப் கார்ப்யூ என்ற லண்டன் வைத்தியர் 1814ல் தாமும் அவ்வாறே செய்து, 1816ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஐரோப்பாவில் புது மூக்கு சமைக்கும் வித்தை மறுபடி தழைத்தது இவ்வாறுதான்.

சுசுருதர் பிறந்த நாடு உலகத்துக்குக் கொடுத்த கொடை என்று நாம் இதைப் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம், சொல்லத் தகுந்ததே. ஆனால் அந்தக் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. மூக்கைச் சமைத்த கைகாரரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. மூக்கு அறுபட்டவரின் பெயர், தொழில், ஜாதி, முகம் எல்லாம் இருநூற்று முப்பது வருஷங்களுக்கு மேலாக உலகம் முழுவதும் அச்சாகிக் கொண்டிருக்கின்றன. நோயாளியின் அனுமதியைக் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. வண்டிமாடு ஓட்டிய ஓர் ஏழையின் முகம் வைத்திய உலகத்தின் பொதுச் சொத்தாகிவிட்டது. அதனால் விளைந்த நன்மை பெரிது. அதை நாம் மறுக்கவில்லை. முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த போர்வீரர்களுக்கு இங்கிலாந்தில் ஸிட்கப் ஆஸ்பத்திரியில் ஹாரல்ட் கில்லீஸ் செய்த சிகிச்சைகளும் இப்படியே படங்களாகி, 1920ல் புத்தகமாகி, உலகத்துக்குப் பாடமாயின. ஆனால் அன்று படத்தைப் பார்த்தவர்கள் புத்தகம் வாங்கிய சில நூறு வைத்தியர்கள். இன்று நிலைமை அதுவா?

இன்று படம் எடுப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் காமிராவில் அல்ல. பயிற்சி டாக்டரின் சட்டைப்பையிலுள்ள செல்போனில். அந்தப் போனிலேயே அவருடைய கல்யாணப் படமும், குழந்தையின் பிறந்தநாள் படமும் இருக்கின்றன. எடுத்த நிமிஷத்தில் அது தானாகவே எங்கோ வெளிநாட்டிலுள்ள கம்பெனியின் கிடங்கில் நகலாகி உட்காருகிறது. வாட்ஸாப் குழுவில் போட்டால் இருபது பேருடைய போன்களுக்குப் போகிறது. எடுத்த நாள், நேரம், சில சமயம் இடம்கூடப் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அந்த டாக்டர் படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போகும்போது போனும் கூடப் போகிறது. பழைய போனை விற்றால் படமும் விலைபோகிறது. இதில் எவருடைய கெட்ட எண்ணமும் இல்லை. அதுவே நம்மை அதிகம் கவலைப்படுத்துகிறது. கெட்ட எண்ணமாயிருந்தால் தண்டித்துவிடலாம். வழக்கமாகிப் போன அஜாக்கிரதையை என்ன செய்வது?

கெட்ட எண்ணம் உள்ளவர்களுக்கும் குறைவில்லை. 2017ல் லித்துவேனியா தேசத்தில் ஓர் அழகு சிகிச்சை நிலையத்தின் கம்ப்யூட்டரிலிருந்து இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட அந்தரங்கப் படங்களைத் திருடர்கள் எடுத்து, நோயாளிகளையே மிரட்டிப் பணம் கேட்டார்கள். 2023ல் அமெரிக்காவில் பென்ஸில்வேனியாவில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களின் ஆடையற்ற படங்களை இவ்வாறே திருடி இண்டர்நெட்டில் போட்டார்கள். மறு வருஷம் அந்த ஆஸ்பத்திரி நிர்வாகம் ஆறரைக் கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக் கொண்டது. நம் நாட்டிலோ, 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களே திருடர் கைவசப்பட்டு, நாட்கணக்கில் காகிதத்திலும் பேனாவிலும் வேலை நடந்தது. 2025 பிப்ரவரியில் குஜராத்தில் ராஜ்கோட் நகரத்து ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில், பெண்களைப் பரிசோதிக்கும் அறையிலிருந்த கண்காணிப்புக் காமிராவின் காட்சிகள் வெளியேறி விலைக்கு விற்கப்பட்டன. பரிசோதனை அறையில் கண்காணிப்புக் காமிராவுக்கு என்ன வேலை என்று கேட்பார் இல்லை.

நிற்க. ஸ்ரீமுஷ்ணத்துப் பெண்ணுக்கு வெளிநாட்டுத் திருடனிடம் உள்ள பயத்தைக் காட்டிலும் அடுத்த தெருவிடம் உள்ள பயம் அதிகம். மாசி மகத்துக்குப் பூவராகப் பெருமாள் கிள்ளைக்கு எழுந்தருளும்போது, வழிநெடுக ஜனங்கள் கூடுகிறார்கள். முஸ்லிம் சகோதரர்களும் மரியாதை செய்து வரவேற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் இன்னார் மகள், இன்னார் மருமகள் என்று அறியாதவர்கள் சொற்பம். இப்படிப்பட்ட ஊர்களில் கண்ணின் மேல் ஒரு கறுப்புக் கோடு போட்டுவிட்டால் ஆள் தெரியாது என்று நினைப்பது, பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். கையில் குத்திய பச்சை, கன்னத்து மச்சம், காது வளர்த்த விதம், ஏன், வடுவே அடையாளம். குருங்குடி விபத்திலோ நெய்வேலி விபத்திலோ காயப்பட்டவரின் படம் என்று ஊரும் மாதமும் சொன்னால் போதும், பெயர் எதற்கு? உலகத்து முக்கியமான வைத்தியப் பத்திரிகைகளின் ஆசிரியர்கள் கூடி வகுத்த நெறிகளிலேயே, கண்ணை மறைத்தல் போதிய பாதுகாப்பாகாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்ட பிறகு கேட்க வேண்டியதில்லை.

நமது சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது? 2002ம் வருஷத்து இந்திய மெடிக்கல் கவுன்ஸில் ஒழுக்க விதிகளில், நோயாளி இன்னாரென்று தெரியும்படி அவருடைய படத்தை அனுமதியின்றி எந்தப் பத்திரிகையிலும் வெளியிடக்கூடாது என்று ஒரு விதி உண்டு. மிகவும் சரி. ஆனால் அடையாளம் வெளிப்படாவிட்டால் அனுமதி தேவையில்லை என்றும் அதே விதி சொல்கிறது. அடையாளம் வெளிப்படவில்லை என்று தீர்மானிப்பவர் யார்? படத்தை வெளியிட விரும்பும் டாக்டரே! பட்டணத்து டாக்டருக்கு அது ஒரு கழுத்து. ஊராருக்கு அது பெருமாள் கோயில் தெருவில் இருக்கும் ஒரு வீட்டின் கதை. இந்த விதிவிலக்கை நீக்கி, முகமோ உடம்போ எதுவானாலும் கேட்டே வெளியிட வேண்டும் என்று மாற்றுவது அவசியம். 2023ல் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளை வெளியிட்டு அதே மாதத்தில் நிறுத்தி வைத்ததும், பழைய விதியே தொடர்ந்ததும் வாசகர்கள் அறிந்ததே.

படம் வெளிப்பட்டால் என்ன மோசம் போய்விட்டது என்று கேட்பவர்களுக்குத் தொழுநோயாளிகளின் கதையை நினைவூட்ட விரும்புகிறோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் தொழுநோயால் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றித் தைத்து நிமிர்த்தும் சிகிச்சையை ஆரம்பித்தார். வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களில் அந்நோய் மிகுதியாயிருந்த காலம் அது. கை நிமிர்ந்தவர்கள் பிழைப்புத் தேடிக்கொண்டார்கள். ஆனால் தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம் என்று நமது சட்டப் புத்தகத்தில் 2019 வரையில் எழுதியிருந்தது. அவ்வருஷம்தான் பார்லிமெண்டு அதை நீக்கியது. நோய் குணமாகி, கையும் குணமாகி, பிள்ளை குட்டிகளோடு வாழும் ஒருவரின் பழைய படம் ஒன்று தவறான கையில் அகப்பட்டிருந்தால் குடும்பம் என்னவாகியிருக்கும்? சட்டம் மாறிவிட்டது. ஜனங்களின் மனம் சட்டத்தோடு அதே நாளில் மாறிவிடுவதில்லை. தீப்பட்ட பெண்ணுக்கும், உதடு பிளந்து பிறந்து செம்மையான பெண்ணுக்கும் வரன் பேசும்போது இந்தச் சங்கடம் இன்றும் உண்டு.

ஆகவே அனுமதி என்ற விஷயத்தை விளையாட்டாகக் கருதக்கூடாது. சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சேரும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். பல இடங்களில் அது இங்கிலீஷில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்கும் வேதனையில் படிக்க நேரமில்லை. அதன் அடியில் எங்கோ ஒரு வரி, படம் எடுக்கவும் கல்வி முதலிய காரியங்களுக்கு உபயோகிக்கவும் சம்மதிக்கிறேன் என்று இருக்கும். இதைச் சம்மதம் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஒரு காரியத்துக்குக் கொடுத்த சம்மதம் மற்றொரு காரியத்துக்குச் சம்மதமாகாது என்று, ஒரு பெண் நோயாளியின் வழக்கில் 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அது கத்தியைப் பற்றிய வழக்கு. காமிராவுக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பது நமது அபிப்பிராயம். என் சிகிச்சைக்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஒன்று. மாணவர்களுக்குக் காட்டுங்கள் என்பது வேறு. புத்தகத்திலோ இண்டர்நெட்டிலோ போடுங்கள் என்பது முற்றிலும் வேறு. மூன்றையும் தனித்தனியே, எளிய தமிழில், டாக்டர் உட்கார்ந்து சொல்லிக் கேட்க வேண்டும். பின்னிரண்டுக்கும் மாட்டேன் என்று சொன்னால் சிகிச்சையில் அணுவளவும் குறை வராது என்பதையும் சொல்ல வேண்டும். இலவச சிகிச்சைக்கு வந்த ஏழை, மாட்டேன் என்று சொல்லலாம் என்பதையே அறியமாட்டார். குழந்தைகளுக்காகப் பெற்றோர் கொடுத்த அனுமதி குழந்தை வயதுக்கு வந்ததும் தீர்ந்துவிட வேண்டும். தன் மூன்றாம் மாதத்து முகம் உலகத்துக்குக் காட்சியாக இருக்கலாமா என்பதைப் பதினெட்டு வயதில் அந்தப் பெண்ணோ பிள்ளையோதான் சொல்ல வேண்டும்.

இனி, வைத்துக் காக்கும் முறை. இதற்குப் பெரிய சாஸ்திரம் ஒன்றும் தேவையில்லை. நம் ஊர்ப் பாங்கியில் நகை அடகு வைத்தால் காட்டும் கவனம் போதும். ஆஸ்பத்திரிக்கென்று ஒரு காமிரா. அது பகுதியை விட்டு வெளியே போகக்கூடாது. அன்றன்று எடுத்த படங்களை அன்றன்றே ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டருக்கு மாற்றி, காமிராவில் உள்ளதை அழித்துவிட வேண்டும். படத்துக்குப் பெயர் எழுதாமல் எண் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பதிவேட்டை வேறிடத்தில் பூட்டி வைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் படங்கள் சங்கேத வடிவில் இருக்க வேண்டும். திருடன் எடுத்துப் போனாலும் திறக்க முடியாது. யார் எப்பொழுது எந்தப் படத்தைத் திறந்தார் என்பது தானாகப் பதிவாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே சாவிச் சொல், அதையும் மேஜைமேல் சீட்டில் எழுதி ஒட்டி வைப்பது என்ற வழக்கம் ஒழிய வேண்டும். ஒரு நகல் வேறு கட்டிடத்தில் பத்திரமாயிருக்க வேண்டும். வெள்ளமும் புயலும் கடலூர் ஜில்லாவுக்குப் புதியவை அல்ல. நோயாளி தம் படத்தைப் பார்க்கக் கேட்டால் காட்ட வேண்டும், நகல் கேட்டால் கொடுக்க வேண்டும். 2002 விதிகளின்படி சிகிச்சைக் குறிப்புக்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும்; படமும் குறிப்பில் சேர்ந்ததுதானே!

இளம் டாக்டர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள், அது நியாயமானது. நள்ளிரவில் கரும்பு ஆலையிலோ மரம் அறுக்கும் இடத்திலோ விரல் துண்டாகி ஒருவர் வருகிறார். பெரிய டாக்டர் வீட்டில் இருக்கிறார். விரலைப் படம் எடுத்து அனுப்பி, ஒட்டலாமா, உடனே சென்னைக்கு அனுப்பலாமா என்று ஐந்து நிமிஷத்தில் கேட்டு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்நேரத்தில் ஆஸ்பத்திரிக் காமிராவின் சாவியை யார் தேடுவது? டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லியில் நிறுவிய கை சிகிச்சைப் பகுதியைப் போன்ற இடங்களுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்த விரல் பிழைக்கிறது. தாமதித்த விரல் போய்விடுகிறது. இதை நாம் மறுக்கவில்லை. விரலா படமா என்றால் விரல்தான். ஆனால் அதற்குப் பரிகாரம் பகுதிக்கென்று ஒரு போன் வைப்பதே. அதுவும் இல்லாத இடத்தில் தம் போனில் எடுத்தால், வேலை முடிந்ததும் கம்ப்யூட்டருக்கு மாற்றி, போனிலும் அனுப்பிய இடத்திலும் அழித்து, குறிப்பில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவசரம் படம் எடுப்பதற்கு உண்டு; வைத்திருப்பதற்கு இல்லை.

பணம் எங்கே என்று சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் கேட்கக்கூடும். ஒரு சஸ்திர சிகிச்சை அறையின் விளக்குக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிதான் இதற்கு ஆகும். சிதம்பரத்தில் 1985ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்பொழுது சர்க்காரின் சுகாதார இலாகா வசம் இருக்கிறது. பொறுப்பு இன்னாருடையது என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. அந்தரங்கம் பிரஜைகளின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். 2023ல் பார்லிமெண்டு சொந்த விவரப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. போதிய காவலின்றி விவரங்களைப் பறிகொடுப்பவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்திருக்கின்றன.

அந்த அவகாசம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் சஸ்திர சிகிச்சைப் பகுதி உள்ள ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் ஒரு காமிரா, ஒரு போன், பூட்டுள்ள ஒரு கம்ப்யூட்டர், மூன்று கேள்விகள் கொண்ட ஒரு தமிழ்ப் படிவம், இவற்றுக்குப் பொறுப்பான ஓர் ஊழியர் என்று சுகாதார இலாகா இப்பொழுதே ஓர் உத்தரவு போட வேண்டும். ஏற்கெனவே டாக்டர்களின் போன்களில் தேங்கிக் கிடக்கும் படங்களை ஆஸ்பத்திரிக்கு ஒப்படைத்து அழிக்க ஒரு தேதியும் அதே உத்தரவில் குறிப்பிட வேண்டும். சிதம்பரத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.